கயிறு இல்லாமல்

இவானாவின் பாரில் கோர்வோ மலையின் வடக்கு முகத்துப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சுவரில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும். பனிச்சறுக்குப் பலகையோடு யாராவது அந்த மலையில் இறங்கினால், இறங்கிய வழியை இவானா நகப்பூச்சுத் தூரிகையால் சிவப்பாக வரைவாள். கயிறு தொடாமல் இறங்கியிருந்தால் முழுக்கோடு. ஓரிடத்திலாவது கயிற்றில் தொங்கியிருந்தால் மேலிருந்து கீழ்வரை புள்ளிக்கோடு. ஒரு வழியில் முதல் முழுக்கோடு பெற்றவர் அதற்குப் பெயர் வைக்கலாம். புள்ளிக்கோட்டுக்குப் பெயர் கிடையாது.

எங்கள் ஊரில் பாவமன்னிப்புக் கூண்டில் பொய் சொல்பவர்கள் உண்டு. அந்தப் படத்தின் முன்னால் யாரும் பொய் சொன்னதில்லை. 1987 மார்ச் வரை.

என் பெயர் ஒரெஸ்தே. தபால்காரன். அப்போது வயது நாற்பத்து நான்கு. படத்தில் பதினேழு கோடுகள் இருந்தன. ஒன்றுகூட என்னுடையதில்லை. என் மனைவி ரோசால்பாவின் தம்பி எர்மான்னோவுக்கு நான்கு இருந்தன. அவன் கசாப்புக் கடை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. பொலெந்தா என்ற சோளமாவுக் களியைத் தட்டில் குவித்து, கரண்டியால் அதன் சரிவில் தன் நான்கு வழிகளையும் திரும்ப இறங்கிக் காட்டுவான். பிறகு அந்த மலையைத் தின்பான்.

"மச்சான், நீ தபால் பையோட ஒருவாட்டி எறங்கிப் பாரேன். ஒனக்குப் பை இல்லாம நடக்கவே வராதே."

ரோசால்பா சிரிப்பாள்.

வடக்கு முகத்தில் யாரும் இறங்காமல் மிச்சமிருந்தது ஒரே ஒரு இடுக்கு. உச்சிக்கு இடப்பக்கம், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஐந்நூறு மீட்டர் கீழே விழும் பனி. ஊரிலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் அதன் மேல்பகுதி தெரியும், கீழ்ப்பகுதி தெரியும். நடுவே விலா எலும்புபோல் துருத்திய ஒரு பாறை மறைத்துக்கொண்டிருக்கும். அந்த மறைவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மார்ச் பதினொன்றாம் தேதி, புதன்கிழமை, நான் போனேன். அன்று ஊருக்குத் தபால் இல்லை.

எந்த இடுக்கில் இறங்கப் போகிறோமோ அதில் முதலில் கீழிருந்து நடந்து ஏற வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏறும்போதே பனியைக் காலால் படித்துவிடலாம். நான் அப்படிச் செய்யவில்லை. வடக்கில் ஏறினால் ஊர் பார்க்கும். முடியாமல் திரும்பினால் அதையும் ஊர் பார்க்கும். தெற்குப் பக்கத்தில் பசு மேயும் சரிவு உச்சிவரை போகிறது. அதில் ஏறினேன்.

முதல் இருநூறு மீட்டர் நன்றாக இருந்தது. பனி இறுகியிருந்தது, பலகையின் விளிம்பு கடித்துப் பிடித்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் குதித்து, காற்றிலேயே திரும்பி, விழுந்த இடத்தில் நின்றேன். நிமிர்ந்து நிற்கும்போதே முழங்கை மலையில் இடித்தது. அவ்வளவு சரிவு. பயமாக இருந்தது. பயந்தபடியே சரியாகச் செய்துகொண்டிருந்தேன். வாழ்க்கையில் அப்படி அதிகம் நடந்ததில்லை.

பாறை விலாவின் மறைவுக்கு வந்ததும் இரண்டு சுவர்களும் நெருங்கின. என் பலகையின் நீளம் இரண்டு மீட்டர் மூன்று சென்டிமீட்டர். சுவர்களுக்கு நடுவே இருந்தது ஒரு மீட்டர் எண்பது. பலகையைக் குறுக்கே வைத்து வழுக்கி இறங்க முடியாது. நேராக விடலாம் என்றால் கீழே பனியே இல்லை. நீலமாகக் கண்ணாடிபோல் உறைந்த ஒரு படி. ஏழு மீட்டர் உயரம். அதற்குக் கீழே மறுபடியும் வெள்ளைப் பனி.

திரும்ப ஏறலாம். அதற்குப் பூட்ஸில் மாட்டும் இரும்பு முட்கள் வேண்டும். பாரம் என்று அவற்றைக் காரிலேயே விட்டு வந்திருந்தேன்.

வலது சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அதில் ஆணி அடித்தேன். ஆணியில் ஒரு சிவப்பு வாரைக் கட்டி, கயிற்றை அதில் இரட்டையாகக் கோத்து, பலகை காலில் இருக்கும்படியே தொங்கி இறங்கினேன். கீழே வந்து ஒரு நுனியை இழுத்ததும் கயிறு கையோடு வந்துவிட்டது. ஆணியும் வாரும் மேலேயே நின்றன. எல்லாம் சேர்த்துத் தொங்கியது நாற்பது நொடி இருக்கும். மிச்சம் முந்நூறு மீட்டரையும் பாடிக்கொண்டே இறங்கினேன்.

வீட்டில் ரோசால்பா பையைப் பிரித்துக் கயிற்றை எடுத்து அடுப்பின்மேல் காயப்போட்டாள்.

"கயிறு நனஞ்சிருக்கு."

"பைக்குள்ள பனி பூந்துருச்சு."

"பை காஞ்சிருக்கு" என்றாள்.

பாருக்குப் போனேன்.

"எங்கய்யா போயிட்ட? தபால் வரலன்னு எட்டுப் பேரு எங்கிட்ட வந்து கேக்குறாங்க. நான் என்ன தபாலாபீசா?" என்றாள் இவானா.

"இடது இடுக்குக்குப் போனேன்."

சீட்டாட்ட மேசையில் சத்தம் நின்றது. இவானா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எறங்கிட்டியா?"

"எறங்கிட்டேன்."

"பலகை எங்கயாவது கால விட்டுக் கழண்டுச்சா?"

"கழட்டவே இல்ல."

அது உண்மை.

"கயிறு?"

தூரிகை அவள் கையில் வந்துவிட்டிருந்தது. சீட்டுக்காரர்கள் நால்வரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடமாக அவர்கள் வீட்டுக்கு நான் கடிதம் கொண்டுபோகிறேன். என் முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பது எப்போதும் கையை.

"இல்லை" என்றேன்.

இனிப் பாக்கி ஒன்றுதான். தடத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் வெளியே தொலைநோக்கியிடம் போனோம். மலையை மேகம் மூடியிருந்தது. அன்றிரவு நாற்பது சென்டிமீட்டர் பனி விழுந்தது. காலையில் இடுக்கு கல்யாணத்துக்கு வைத்த துணிபோல் சுத்தமாக இருந்தது.

இவானா தூரிகையைப் புட்டியில் திரும்பப் போட்டாள். "தடத்தப் பாத்தாத்தான் கோடு. எங்கப்பா எறங்கினப்பவே அதான் சட்டம்."

எர்மான்னோவுக்கு நல்ல வாரம் அது.

"மச்சான் எறங்கினாரு. இல்லன்னு யாரு சொன்னா? பதிவுத் தபால்ல எறங்கிட்டாரு. தடம் பின்னால சாதாத் தபால்ல வந்துக்கிட்டிருக்கு."

இறைச்சி வாங்க வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னான். ஒன்பது நாள் சொன்னான். பத்தாம் நாள், இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, வானம் தெளிந்தது. கடையைப் பூட்டிவிட்டு அவனே போனான்.

மதியம் நானும் தொலைநோக்கியில் பார்த்தேன். மேல்பகுதியில் அவன் தடம் ஏணிப்படிபோல் இறங்கியது. பாறை விலாவுக்குள் மறைந்தது. கீழ்ப்பகுதியில் மறுபடி வெளியே வந்தது. அழகான தடம். இறங்கிய தடம் மட்டும்தான் இருந்தது, ஏறிய தடம் இல்லை. அவனும் பசுக்களின் பக்கமாகத்தான் போயிருக்கிறான்.

சாயங்காலம் பாரில் நின்றான். முகம் வெயிலில் வெந்திருந்தது. இவானா தூரிகையை எடுத்தாள்.

"பலகை?"

"கழட்டல."

"கயிறு?"

எர்மான்னோ தன் கிளாசுக்குள் பார்த்தான். அவனுடைய பலகை இரண்டு மீட்டர் ஐந்து. என்னுடையதைவிட இரண்டு சென்டிமீட்டர் அதிகம்.

"கயிறா? அது பையவிட்டு வெளியவே வரல" என்றான்.

இவானா நாற்காலியில் ஏறித் தூரிகையைப் படத்தில் வைக்கப் போனாள்.

"இரு" என்றான் எர்மான்னோ. "மொதல்ல எறங்கினது நான் இல்ல."

இவானா நாற்காலியில் நின்றபடியே திரும்பினாள்.

"நடுவுல ஒரு பாறை கூரை மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு. அதுக்கு அடியில புதுப் பனி விழல. அங்க தடம் இருக்கு. பழைய தடம். பலகைத் தடம். என் மச்சான் எறங்கியிருக்கான். நான்தான் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன்."

அவன் என்னிடம் வந்து கை கொடுத்தான். சீட்டு மேசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டிக்காரனுக்காகச் சாட்சி சொன்ன மனிதனை அந்தப் பார் அதுவரை கண்டதில்லை. இவானா எனக்கு ஒரு முழுக்கோடு போட்டாள். அதன் ஓரமாகவே, இரண்டாவதாக இறங்கியவனுக்கு மெல்லியதாக இன்னொரு முழுக்கோடு.

"பேரு சொல்லு ஒரெஸ்தே."

நான் யோசித்திருக்கவில்லை. "ரோசால்பா" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே காருக்குப் பக்கத்தில் எர்மான்னோ நின்றிருந்தான்.

"சிவப்பு வார்" என்றான்.

"எந்த வார்?"

"மச்சான்."

சிகரெட் ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தான். அதுவும் முதல் தடவை.

"தொங்கினியா?" என்று கேட்டேன்.

"பின்ன? பறக்கவா முடியும்? ஆணிய நல்லா அடிச்சிருந்த. நம்பித் தொங்கினேன்."

"கூரை மாதிரி பாறைன்னியே. அப்படி ஒண்ணு அங்க இல்லையே."

"இல்ல."

"எதுக்குச் சொன்ன?"

"நான் பாட்டுக்கு முதல் கோடு எனக்குன்னு வாங்கியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"என் வாரு அங்க இருக்கு, போய்ப் பாருங்கன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருந்தா நீயும் புள்ளி, நானும் புள்ளி. அதான் சொன்னேன்."

பதினெட்டு வருட உறவில் அன்றுதான் ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம்.

அந்த ஞாயிறு அவன் பொலெந்தாவைக் குவிக்கவில்லை. எனக்கு முதலில் பரிமாறினான். நான் அவன் வைனை நிரப்பினேன்.

"ரெண்டு பேருக்கும் ஒடம்பு சரியில்லையா?" என்று ரோசால்பா கேட்டாள். பிறகு, "குறுகலா, செங்குத்தா, ஏமாந்தா ஆளக் கொல்ற மாதிரி ஒரு சந்து. அதுக்கு எம்பேரு. நல்லா இருக்கு" என்றாள்.

மாத முடிவில், செவ்வாய்க்கிழமை, பாரில் டெல்பினா எங்கள் மேசைக்கு வந்தாள். கூட்டுறவுப் பண்ணையில் பாலாடைக்கட்டி போடுகிறவள். முப்பது வயது. படத்தில் அவளுக்கு இரண்டு கோடுகள் இருந்தன. இரண்டும் புள்ளி. ஒன்றில் அவள் கயிற்றைப் பிடித்தது இரண்டே மீட்டர். யாரும் பார்க்கவில்லை. கேட்டபோது "ஆமா" என்றிருந்தாள். எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சறுக்குவாள் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

"அண்ணே, சனிக்கெழம ரோசால்பாவுல எறங்கலாம்னு இருக்கேன். நடுவுல எப்படி?"

"அகலம்" என்றேன்.

"குறுகல்" என்றான் எர்மான்னோ.

அவள் இருவரையும் பார்த்தாள்.

"குறுகல்தான்" என்றேன். "போற அளவுக்கு அகலம் இருக்கு."

"எம்பலகை ஒண்ணு தொண்ணூறு."

"எங்களுதே போச்சு, ஒன்னுது போகாதா?" என்றான் எர்மான்னோ.

"பனிக்கட்டி?"

"அப்படி ஒண்ணும் இல்ல."

"கயிறு எடுத்துக்கவா?"

"எதுக்கு வீண் பாரம்?"

"சரி, சும்மா ஒரு இருவது மீட்டர், மெல்லிசா வச்சுக்கறேன். நீங்க ரெண்டு பேருமே போயிருக்கீங்க. எனக்கு என்ன பயம்?" என்றாள். உண்மையாகவே நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் இறங்கினால் வாரைப் பார்ப்பாள். பார்த்தால் சொல்வாள். அவளுக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே நாங்கள் கிளம்பினோம். அன்று ஊருக்குத் தபாலும் இல்லை, இறைச்சியும் இல்லை. இந்தத் தடவை கீழிருந்து, முறைப்படி, பூட்ஸில் முள் மாட்டி, முதுகில் பலகை கட்டி ஏறினோம். தாழ்ந்த மேகம் எங்களை மறைத்தது. எர்மான்னோ பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினான்.

"ஒரு ஆணி அடிக்கிற. கழட்டுற மாதிரி அடிக்கக் கூடாதா? யாரு ஒன்ன இப்படி ஒழுங்கா அடிக்கச் சொன்னது?"

"தொங்கறப்ப ஒழுங்கா இருந்துச்சில்ல?"

"தொங்கறப்ப இருந்துச்சு."

பாறை விலாவின் மறைவுக்கு வந்தோம். நீலப்படியைக் காணவில்லை. இரண்டு வாரக் காற்று மேலிருந்த பனியை எல்லாம் கொண்டுவந்து அங்கே திணித்திருந்தது. என் தலைக்கு மேலே இருந்த வார் இப்போது முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பனி உயர்ந்ததால் சுவர்களும் விலகியிருந்தன. எர்மான்னோ தன் பலகையைக் குறுக்கே வைத்துப் பார்த்தான். இருபுறமும் ஒரு சாண் மிச்சம்.

ஆணியை நான்கைந்து தட்டில் கழற்றினான். என் கையில் கொடுத்தான். வந்த வேலை முடிந்தது.

இருவரும் மேலே பார்த்தோம்.

"இவ்வளவு தூரம் வந்துட்டோம்" என்றான்.

உச்சிவரை ஏறினோம். அங்கிருந்து பலகையை மாட்டிக்கொண்டு இறங்கினோம். மேகத்துக்குள் அவன் முன்னால், நான் பின்னால். குறுகலில் அவன் பலகையைக் குறுக்கே வைத்து வழுக்கி, இரண்டு தடவை குதித்துத் திரும்பி, கீழே போய் நின்றான். நானும் அப்படியே செய்தேன். கயிறு பைக்குள் இருந்தது. எர்மான்னோ இரண்டு கையையும் தூக்கி ஒரு கூச்சல் போட்டான். பிறகு ஊருக்குக் கேட்டுவிடும் என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

அடிவாரத்தில் பனியில் உட்கார்ந்து ரொட்டியும் சலாமியும் தின்றோம்.

"இப்ப நாம சொன்னது உண்மை" என்றான்.

"ஆமா."

"யாருகிட்டச் சொல்றது?"

செய்ததாக ஏற்கனவே சொல்லிவிட்ட ஒன்றை இப்போது செய்திருந்தோம். ஊர் அதற்கான கைதட்டலைக் கொடுத்து முடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை தெற்கிலிருந்து சூடான காற்று வந்தது. கூரைகள் சொட்டின. மதியம் நான் தபாலோடு சர்ச் பக்கம் நிற்கும்போது கோர்வோ மலை இடிபோல் முழங்கியது. இடது இடுக்கு தன் பனியை மேலிருந்து கீழ்வரை கொட்டித் தீர்த்தது. வெள்ளைப் புகை அடிவாரத்தில் எழுந்து அடங்கியது.

எர்மான்னோ கடை வாசலுக்கு வந்து பார்த்தான். ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டான்.

"நல்லதாப் போச்சு. நம்ம தடமும் போயிருக்கும்."

இரவு வானம் தெளிந்து எல்லாம் மறுபடி உறைந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. தடம் போயிருந்தால் குறுகலில் நிரம்பியிருந்த பனியும் போயிருக்கும். நீலப்படி வெளியே வந்திருக்கும். ஆணி என் பையில் இருந்தது. டெல்பினாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது. போய்ச் சொல்லலாம். நடுவில் பனிக்கட்டி இருக்கும் என்று சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் வீட்டில் விளக்கு எரிந்தது. பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

காலையில் பாதி ஊர் தொலைநோக்கியிடம் நின்றது. டெல்பினா கீழிருந்துதான் ஏறினாள். முறைப்படி. பாறை விலாவுக்குள் மறைந்து நெடுநேரம் கழித்து மேலே வெளிப்பட்டாள். உச்சியில் ஒரு புள்ளியாக நின்றாள். பத்து மணிக்கு இறங்கத் தொடங்கினாள். அவ்வளவு அழகாக அந்த மலையில் யாரும் இறங்கி நான் பார்த்ததில்லை. பத்தே காலுக்கு மறைவுக்குள் போனாள்.

பத்தரைக்கு வெளியே வரவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள எவ்வளவு நேரம் எடுத்தீங்க?" என்று இவானா கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம்" என்றான் எர்மான்னோ.

பத்தே முக்கால். பதினொன்று. இவானா தொலைநோக்கியைவிட்டு நகரவில்லை. எர்மான்னோ என் பக்கத்தில் வந்து நின்றான். தன் கையைப் பாக்கெட்டில் போட்டான், எடுத்தான், போட்டான்.

"ஏதாவது சொல்லு மச்சான்" என்று மெதுவாகச் சொன்னான்.

"நீ சொல்லு."

"மீட்புக் குழுவக் கூப்பிடவா?" என்றாள் இவானா.

"கூப்பிடு" என்றேன். என் குரலைக் கேட்டு இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இவானா உள்ளே ஓடி எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது வெளியே யாரோ கத்தினார்கள். டெல்பினா பாறை விலாவுக்குக் கீழே வந்திருந்தாள். பதினொன்று இருபது. திருப்பங்கள் முன்புபோல் இல்லை. ஒரு கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

மதியம் பாருக்கு வந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது, அதில் ரத்தம். இவானா அவளை உட்காரவைத்து சூப் கொடுத்தாள். தூரிகையை எடுக்கவில்லை. டெல்பினாதான் சொன்னாள்.

"கேளுங்கக்கா. கேக்க வேண்டியதக் கேளுங்க."

"பலகை?"

"கழட்டல."

"கயிறு?"

"போட்டேன். ஏழு மீட்டர்."

சூப்பை ஒரு வாய் குடித்தாள்.

"ஏறும்போதே பாத்தேன். ஐஸ். சுத்தமா ஐஸ். போக முடியாதுன்னு தோணுச்சு. அப்புறம் அண்ணனுங்க ரெண்டு பேரும் போயிருக்காங்களே, ஏதோ வழி இருக்கும், எனக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன். எறங்கறப்ப அங்க நின்னு ஒவ்வொரு எடமாப் பாத்தேன். ஒருவாட்டி முயற்சி பண்ணேன். விளிம்பு புடிக்கல. வழுக்கிட்டேன். பலகை ரெண்டு சுவத்துலயும் முட்டி நின்னுருச்சு. நீளமா இருந்ததால பொழச்சேன். அப்புறம்தான் ஆணி அடிச்சேன்."

எங்கள் பக்கம் திரும்பினாள்.

"எப்படிண்ணே போனீங்க?"

எர்மான்னோ தன் கிளாசை மேசைமேல் நகர்த்தி வைத்தான்.

"போடுங்கக்கா புள்ளிய" என்றாள் டெல்பினா. இவானா நாற்காலியில் ஏறினாள்.

"என் கோட்டையும் புள்ளியாக்கு இவானா" என்றேன்.

"என்ன?"

"நானும் அங்க கயிறு போட்டுத்தான் எறங்கினேன். ஆணி அடிச்சு, வார் கட்டித் தொங்கினேன். பொய் சொன்னேன்."

சீட்டு மேசையில் ஒருவர் கை தட்டினார்.

"இதுதான்யா மனுஷன்."

"அய்யோ ஒரெஸ்தே" என்றாள் இவானா. அவள் கண் கலங்கிவிட்டது. "பொண்ணு வருத்தப்படக் கூடாதுன்னு தன் கோட்டையே விட்டுக் குடுக்கறானே."

"நெஜமாத்தான் சொல்றேன்."

"நெஜமாத்தான் சொல்றாராம்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள்.

"எர்மான்னோ, சொல்லு."

எர்மான்னோ எழுந்தான். என்னைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். அதில் அவன் கோடு என் கோட்டோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது.

"என் மச்சானப் பத்தி ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல" என்றான். "அடுத்தவங்க மொகம் வாடினா அவனுக்குத் தாங்காது. வீட்டுலயும் இப்படித்தான்."

நான் வெளியே போய்க் காரிலிருந்து ஆணியையும் வாரையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். "இதோ. வியாழக்கெழம போய்க் கழட்டிட்டு வந்தோம்."

இவானா குனிந்து பார்த்தாள். "இந்த மாதிரி ஆணியிலதான் எங்க கோழிக்கூடு நிக்குது. போதும் ஒரெஸ்தே. ஒன் நல்ல மனசு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

பாறையில் இருந்தவரை அது சாட்சி. மேசைமேல் அது இரும்பு.

டெல்பினா மட்டும் சிரிக்கவில்லை. இடது கையால் ஆணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். என் பக்கம் சாய்ந்தாள்.

"வலது சுவரா?"

"ஆமா."

"தலைக்கு மேல ஒரு முழம்?"

"ஆமா."

"என் ஆணி ரெண்டே தட்டுல உள்ள போச்சு. புது விரிசல்ல அப்படிப் போகாது" என்றாள். எனக்கு மட்டும் கேட்கும்படிதான் பேசினாள். "வியாழக்கெழமயா எடுத்தீங்க?"

"ஆமா."

"நான் செவ்வாக்கெழம வந்து கேட்டேன்."

அவள் ஆணியை என் முன்னால் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

நாற்காலியின் மேலிருந்து இவானா கேட்டாள். "நீயே சொல்லு டெல்பினா. அவரு கோட்ட நான் என்ன பண்ணட்டும்?"

பார் முழுவதும் அவளைப் பார்த்தது. எர்மான்னோ பார்க்கவில்லை.

"தொடாதீங்கக்கா" என்றாள் டெல்பினா. "முழுசாவே இருக்கட்டும். ரெண்டுமே."

"பாத்தீங்களா, இவளுக்கும் எவ்வளவு பெரிய மனசு!" என்று சீட்டு மேசையிலிருந்து குரல் வந்தது.

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. இவானா தூரிகையைத் தோய்த்து, எங்கள் இரண்டு கோடுகளுக்குப் பக்கத்தில் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். டெல்பினா தனக்கு எதிரே இருந்த நாற்காலியைக் காலால் வெளியே தள்ளினாள்.

"எங்க கெளம்பிட்டீங்க அண்ணே? இப்படி ஒக்காருங்க. இங்கேருந்து பாத்தா படம் நல்லாத் தெரியும்."

உட்கார்ந்தேன். எர்மான்னோ எல்லோருக்கும் கிராப்பா ஊற்றச் சொன்னான்.